நெருப்புக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம்?

ராம்ஸ்டைன் குழுவை நேரில் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சிறு அறிமுகம்: 1994-ல் பெர்லினில் சேர்ந்த ஆறு பேர், இன்றுவரை ஆள் மாறாமல், ஜெர்மன் மொழியில் இண்டஸ்ட்ரியல் ராக், அதாவது இயந்திர ஓசை கலந்த கனமான ராக் இசை, வாசிக்கிறார்கள். 2019 மே 27 அன்று கெல்சன்கிர்ஷனில் தொடங்கிய அவர்களுடைய ஸ்டேடியம் சுற்று, நடுவே கொரோனாவால் தடைபட்டு, 2024 ஜூலை 31 அன்று அதே ஊரில் முடிந்தது. கீழே உள்ள பதில்கள் அந்த மேடையை வைத்துச் சொன்னவை. அடுத்த சுற்றில் மேடை வேறாக இருக்கலாம். ஆனால் தீயும் சத்தமும் கூட்டமும் நடந்துகொள்ளும் விதம் மாறப்போவதில்லை.

கேள்வி: மேடைக்கு முன்னால் நிற்கும் இடம் நல்லதா, கேலரியில் உட்காரும் இடம் நல்லதா? முதல்முறை போகிறேன். எல்லோரும் முன்வரிசைதான் என்கிறார்கள்.
(ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு வாசகி)

முதல்முறை என்றால் முன்வரிசை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்த மேடை ஏறக்குறைய 60 மீட்டர் அகலம், 36 மீட்டர் உயரம். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பாடகர் டில் லிண்டெமன் முகத்தில் ஓடும் வியர்வை தெரியும்; நடுக் கோபுரத்தின் உச்சியில் என்ன எரிகிறது என்று தெரியாது. கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் பாதி மேடை கண்ணுக்குள் வராது.

களத்தில் நிற்கும் இடம் பொதுவாக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மேடையை ஒட்டித் தனியாகத் தடுத்த பகுதிக்கு ‘ஃபொயர்சோன்’, அதாவது நெருப்பு வட்டாரம், என்று பெயர். அதற்குப் பின்னால் பொது நிற்குமிடம். டிக்கெட்டில் அந்தச் சொல் அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முதலில் உள்ளே ஓடிவிட்டால் முன்னால் போய்விடலாம் என்று நினைத்துப் பொது டிக்கெட் வாங்குகிறவர்கள் தடுப்பருகே ஏமாந்து நிற்கிறார்கள்.

பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் களத்தின் நடுவே ஒலிக்கலவை மேசை இருக்கும் கூடாரத்தைத் தேடுங்கள். ஒலிப்பொறியாளர் அங்கே உட்கார்ந்து, தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் அன்றைய ஒலியைச் சரிசெய்கிறார். அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னால், நடுவிலிருந்து நாலைந்து மீட்டர் விலகி நின்றால் அவர் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும். கம்பியோரம் நிற்பவருக்கு மேடைக்கு அடியில் வரிசையாக வைத்திருக்கும் சப்வூஃபர்கள், அதாவது ஆழ்ந்த ஒலிக்கான பெட்டிகள், நெஞ்சைத் தட்டும். குரலும் கீபோர்டும் அவருடைய தலைக்கு மேலே பறந்து பின்னால் போய்விடும். ஃப்ளாக்கே வாசிக்கும் கீபோர்டு இந்தக் குழுவின் பாதி உயிர். அதை இழந்துவிட்டு முகங்களைப் பார்ப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கேலரி என்றால் மேடைக்கு நேர் எதிரே உள்ள கீழடுக்கின் மேல்வரிசைகள் நல்லவை. அங்கே மேலடுக்கின் தளம் தலைக்கு மேல் தாழ்வாக நீண்டிருந்தால் ஒலி அதில் மோதிக் குழம்பும். ஆகவே கூரைக்கடியில் ஆழமாகப் போகும் கடைசி வரிசைகளை விட்டுவிடுங்கள். மேடைக்குப் பக்கவாட்டில் உள்ள இருக்கைகள் விலை குறைவாகக் கிடைத்தாலும் கோபுரமும் திரையும் சாய்வாகத்தான் தெரியும்.

கேள்வி: டிக்கெட்டில் பெயர் அச்சடிப்பார்களாமே? என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கிறது. இன்ஷியல் போட்டு வாங்கலாமா? விசாவுக்கு இந்த டிக்கெட் உதவுமா?
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

இன்ஷியல் போடாதீர்கள். ஜெர்மனியில் இந்தக் குழுவின் டிக்கெட்டுகள் பெயர் பதித்தே விற்கப்பட்டன. வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. நம் பெயர்கள் சிக்குவது இங்கேதான். படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கட்டாயம். நம்மவர்கள் இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருப்பது கடைசிப் பக்கத்தில். வாசலில் நிற்கும் ஊழியர் பார்ப்பது புகைப்படம் உள்ள பக்கம் மட்டும். அந்தப் பக்கத்தில் என்ன எழுத்துகள் இருக்கின்றனவோ அவை மட்டும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். பெயர் இரண்டு சொல்லாக இருந்தால் கட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே சொல் என்றால் இரண்டு கட்டத்திலும் அதையே எழுதிவிட்டு, விற்பனையாளருக்கு மின்னஞ்சலில் காரணத்தைத் தெரிவித்து, வரும் பதிலை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

நண்பருக்கும் சேர்த்து வாங்கினால் அவர் பெயரிலேயே அவருடைய டிக்கெட் இருக்கட்டும். போக முடியாமல் போனால் விற்பனையாளரின் சொந்த மறுவிற்பனைத் தளம் வழியாக மட்டும் கைமாற்றுங்கள். அங்கே விற்றால் பழைய டிக்கெட் செல்லாததாகி, வாங்குபவர் பெயரில் புதிது வரும். ஃபேஸ்புக் குழுவில் யாரோ அனுப்பும் பிடிஎஃப் வேறொருவர் பெயரில் இருக்கும். அதே பிடிஎஃப்பை அவர் இன்னும் எத்தனை பேருக்கு விற்றார் என்றும் உங்களுக்குத் தெரியாது.

விசா விஷயம்: ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடையில் முன்பதிவு நேரம் கிடைப்பதே அரிது என்பதால் மூன்று மாத இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்தின் காரணத்தைக் காட்ட உங்கள் பெயர் அச்சான டிக்கெட் நல்ல ஆவணம். ஆனால் அது மட்டும் போதாது. திரும்பி வருவதற்கான காரணங்களை, அதாவது வேலை, விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு இவற்றைத்தான் அதிகாரிகள் கவனித்துப் பார்க்கிறார்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் இறங்கும்படி விமானம் பிடியுங்கள். அதே நாள் காலையில் வந்து இறங்குகிறவர் மாலை ஆறு மணிக்கே துவண்டுபோகிறார்.

கேள்வி: அவ்வளவு தீயை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? ஏன் ஒவ்வொரு ஊரிலும் ஏறக்குறைய அதே பாட்டுகள், அதே வரிசை?
(சென்னை, திருச்சி, சிங்கப்பூர் வாசகர்கள்)

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். தீ எந்த நொடியில், எந்த இடத்தில் எழும் என்பது மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாட்டை மாற்றினால் குழாய், எரிபொருள், ஆட்கள் நிற்கும் இடம், உடை எல்லாம் மாறும்.

மேடைத் தீ ஒரே வகை அல்ல. உயரமாகத் தூண் போல எழுந்து சட்டென்று மறைவது அழுத்தத்தில் பீய்ச்சும் திரவ எரிபொருள். ஐசோப்ரொப்பனால் அதில் ஒன்று. பந்துபோலத் திரண்டு உருண்டு மேலே போவது புரோப்பேன் வாயு. பச்சை, சிவப்பு என்று நிறம் தெரிந்தால் எரிபொருளில் உலோக உப்பு கலந்திருக்கிறது: தாமிரம் பச்சை தரும், ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு தரும். மேடைகளில் நெடுங்காலமாகப் பயன்படும் இன்னொரு பொருள் லைக்கோபோடியம். அது ஒரு பாசி போன்ற செடியின் வித்துத்தூள். குவியலாகக் கிடந்தால் லேசில் பிடிக்காது, காற்றில் தூவினால் குபீரென்று எரிந்து உடனே அணையும். ‘டு ஹாஸ்ட்’ பாட்டில் மேடைக்கும் களத்தில் நிற்கும் கோபுரங்களுக்கும் இடையே சீறிப் பாய்பவை கம்பியில் ஓடும் வாணங்கள். தீபாவளிக்கு நூலில் கட்டி விடும் ரயில் பட்டாசின் வேலைதான், அளவு பிரமாண்டம்.

இயக்குவது இரண்டு பூட்டு முறையில். கணினி நேரம் சொல்லும். ஆனால் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் தன் கையில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால்தான் தீ வரும். கையை எடுத்தால் வராது. கிதார் வாசிப்பவர் குறித்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் அந்த ஆள் கையை எடுத்துவிடுவார். பாட்டு நடுவே ஒரு பக்கம் தீ வந்து மறுபக்கம் வராவிட்டால் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். யாரோ ஒருவர் சரியாக வேலை செய்திருக்கலாம். காற்று பலமாக இருக்கும் இரவுகளில் சில காட்சிகள் சுருங்குவதும் இதனால்தான். மழை பெரிய தடையில்லை, காற்றுதான் எதிரி.

இந்தக் கட்டுப்பாடு ஆரம்பத்தில் இல்லை. 1996 செப்டம்பர் 27 அன்று பெர்லின் அரீனா அரங்கில் எரிந்துகொண்டிருந்த அலங்காரப் பகுதிகள் கீழே விழுந்தன. அதன் பிறகுதான் தொழில்முறை வெடிக்கலைஞர்களை வைத்துக்கொண்டார்கள். லிண்டெமனும் முறையாகப் பயின்று உரிமம் பெற்றார். ‘மைன் டைல்’ பாட்டில் ஃப்ளாக்கே உட்கார்ந்திருக்கும் பெரிய அண்டாவுக்கு அவர் தீ வைக்கிறார். முதலில் சிறிய தீப்பீய்ச்சி, பிறகு அதைவிடப் பெரியது, கடைசியில் பீரங்கி அளவில் ஒன்று. சிரித்துக்கொண்டே பார்க்கும் காட்சிதான். ஆனால் தீப்பீய்ச்சியின் பின்னால் இருப்பவர் உரிமம் பெற்றவர் என்பதால்தான் அதைச் செய்ய முடிகிறது.

இந்தக் குழுவின் பெயரே ஒரு தீ விபத்தை நினைவுபடுத்துவது. 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளத்தில் சாகச விமானங்கள் மோதிக் கூட்டத்தின்மீது விழுந்து 70 பேர் இறந்தார்கள். குழு தன் பெயரில் ஒரு ‘எம்’ கூடுதலாக எழுதிக்கொண்டது. குழுவின் பெயரையே கொண்ட பாட்டும் அந்த விபத்தைப் பற்றியதுதான். அந்தப் பாட்டுக்கு லிண்டெமன் முதுகில் தீ விசிறியாக விரிய நிற்கும்போது, அவர் எதை நினைவுபடுத்துகிறார் என்று தெரிந்து பாருங்கள்.

கேள்வி: வெப்பம் தாங்கக்கூடியதா? என்ன உடுத்துவது?

தாங்கலாம். தீயிலிருந்து வரும் வெப்பம் தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே நெருப்பு வட்டாரத்தில் முகத்தைத் திருப்ப வைக்கும் அதே தீ, கலவை மேசையருகே குளிருக்கு இதமாக இருக்கும். 100 மீட்டர் தள்ளி நின்றால் இன்னொன்றையும் கவனிக்கலாம்: வெப்பம் கன்னத்தைத் தொட்ட பிறகே, ஏறக்குறைய 0.3 நொடி கழித்து, ‘பூம்’ என்ற ஓசை வரும். பாட்டு அப்படித் தாமதமாகக் கேட்காததற்குக் காரணம் களத்துக் கோபுரங்களில் தொங்கும் ஒலிபெருக்கிகள். மேடையின் ஒலி அங்கே வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு அவற்றைத் தாமதப்படுத்தி ஒலிக்க விடுகிறார்கள்.

உடுத்துவது பருத்தி. பாலியெஸ்டர் சட்டையும் லெகின்ஸும் முன்பகுதிக்கு வேண்டாம். பொறி பட்டால் துணி உருகித் தோலில் ஒட்டும். நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஹேர்ஸ்ப்ரே கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மாறினால் நல்லது, வெப்பமும் புகையும் லென்ஸைக் காயவைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மேடைக்குப் போட்டிருக்கும் கொடிகளைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள்; இன்ஹேலர் பையில் அல்ல, சட்டைப்பையில் இருக்கட்டும். குடை பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். மழைக்கு மெல்லிய பான்ச்சோ கொண்டுபோய், தீ தொடங்கியதும் கழற்றி மடித்துவிடுங்கள், அதுவும் பிளாஸ்டிக்தான்.

கேள்வி: காதடைப்பான் போட்டால் பாட்டின் சுவை போய்விடாதா?
(மியூனிக்கிலிருந்து ஒரு வாசகர்)

மஞ்சள் நுரை அடைப்பான் போட்டால் கொஞ்சம் போகும். அது உயர் ஸ்வரங்களைக் கூடுதலாக வெட்டும், சிம்பல் போர்வைக்கடியில் கேட்பதுபோல் ஆகும். இசைக்கென்று வடிகட்டி வைத்த சிலிக்கான் அடைப்பான்கள் எல்லா ஸ்வரங்களையும் 15 முதல் 20 டெசிபல் வரை சீராகக் குறைக்கும். அதைப் போட்ட பிறகு குரல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்பதாகப் பலரும் சொல்கிறார்கள். உண்மைதான். அளவுக்கு மீறிய சத்தத்தில் காதே குழம்பிவிடுகிறது. சத்தம் குறைந்ததும் அது பிரித்தறியத் தொடங்குகிறது.

கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்பது தொழில் சுகாதார அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். ஜெர்மன் தரவிதி கூட்டத்தின் மிகச் சத்தமான இடத்தில் அரைமணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. நிகழ்ச்சியோ இரண்டு மணி நேரத்துக்கு மேல். விதியை முழுக்கப் பின்பற்றினாலும் வெறுங்காதுக்கு அது அதிகம்.

நுரை வகைதான் கையில் இருக்கிறது என்றால் போடும் முறை முக்கியம். சுத்தமான விரலில் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுங்கள், உள்ளே செலுத்தி 30 நொடி விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டதும் போடாததும் ஒன்று. மேடை இருளும் முன்பே போட்டுவிடுங்கள். முதல் வெடிச்சத்தம் சொல்லிவிட்டு வராது.

கேள்வி: தலைக்கு மேல் படகு போகும் என்கிறார்களே?

ஆமாம். நடுவே குழுவினர் களத்திலுள்ள சிறிய மேடைக்கு வந்து, முன்நிகழ்ச்சி வாசித்த பியானோ கலைஞர்களோடு ‘எங்கல்’ பாடுவார்கள். பிறகு ரப்பர் படகுகளில் ஏறி, கூட்டத்தின் கைகள்மேல் மிதந்து பெரிய மேடைக்குத் திரும்புவார்கள். சிறு மேடையிலிருந்து பெரிய மேடைக்கு நேர்கோட்டில் நிற்பவர்கள் மீதுதான் படகு வரும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் முன்பே கழற்றிவிடுங்கள். உள்ளங்கையை விரித்து, முழங்கையைச் சற்று மடித்து, மேலே தாங்கி முன்னால் தள்ளுங்கள். கயிற்றையோ விளிம்பையோ பிடிக்காதீர்கள். ஒரு பக்கம் இழுபட்டால் மறுபக்கம் நிற்பவர் தலையில் மொத்தப் பாரமும் இறங்கும். ஒரு கையில் போன் பிடித்துக்கொண்டு மறுகையால் தாங்குகிறவர்தான் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொள்கிறார். குட்டையானவர்கள் படகு வரும் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்பது நல்லது.

கூட்டத்தில் மயங்குகிறவர்கள் பலரும் நெருக்கத்தால் மயங்குவதில்லை. வெயிலில் ஐந்தாறு மணி நேரம் தண்ணீரில்லாமல் முட்டியை விறைத்துக்கொண்டு நின்றதால் மயங்குகிறார்கள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள், காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு வைத்திருங்கள். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, பார்வை ஓரங்களில் இருட்டு இந்த வரிசையில் வரும். இரண்டாவது வந்ததுமே பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுச் சொல்லிவிட்டு இரு கைகளையும் மேலே தூக்குங்கள்; தடுப்பருகே நிற்கும் பாதுகாவலர்கள் கம்பிக்கு மேலே தூக்கி எடுத்துவிடுவார்கள். நெருக்கம் கூடினால் கைகளை மார்புக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரர்போல் வைத்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். அலை பின்வாங்கும் நொடியில் மூலைவாட்டாக விலகுங்கள், நேர் பின்னால் முட்டாதீர்கள்.

கேள்வி: எட்டு வயது மகனை அழைத்துப் போகலாமா?

வேண்டாம். சத்தம் ஒரு காரணம். மேடைக் காட்சிகள் சில பெரியவர்களுக்கானவை என்பது இன்னொன்று. வயது வரம்பு ஊருக்கு ஊர் வேறுபடும், டிக்கெட் பக்கத்தில் பாருங்கள்.

கேள்வி: போனில் தீயைப் படமெடுத்தால் வெறும் வெள்ளையாக வருகிறது.

இருட்டுக்குத் தக்கபடி திறந்திருக்கும் கேமராமீது திடீரென்று ஒளி விழுவதால் அப்படி. தீ எரியும்போது திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டுங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் குறையுங்கள். அடுத்த தீ நிறத்தோடு வரும். லென்ஸ் கழற்றும் கேமராவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டு பாட்டு எடுத்தால் போதும். ‘சோன’ பாட்டின்போது போனை உள்ளே வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். நைன் இன்ச் நெய்ல்ஸ் பார்க்கப் போகிறோம். இதே தயாரிப்பு போதுமா?
(நியூஜெர்சியிலிருந்து தம்பதியர்)

காதுக்கு இதே தயாரிப்பு. மற்றதெல்லாம் வேறு. அந்தக் குழுவின் தலைவரும் பாடகருமான ட்ரென்ட் ரெஸ்னர் நெருப்பை நம்புவதில்லை. ஒளியும் நிழலும்தான் அவருடைய கருவிகள். 2008 சுற்றில் ஒளி ஊடுருவும் திரைகளை அடுக்கடுக்காக இறக்கி அவற்றுக்கு நடுவே வாசித்தார்கள். 2025 ஜூன் 15 அன்று டப்ளினில் தொடங்கிய சுற்றில் அரங்கின் நடுவே இரண்டாவது மேடை. அங்கே மின்னணு இசைக்கலைஞர் போய்ஸ் நாய்ஸோடு சேர்ந்து மின்னணு வடிவில் சில பாட்டுகள். எனவே முன்வரிசைக்கு முண்டியடிப்பதைவிட இரண்டு மேடைக்கும் இடையில் நிற்பது புத்திசாலித்தனம். சிமிட்டும் ஒளி மிகக் கடுமையாக இருக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. கண் கூசினால் மூடினால் மட்டும் போதாது, இமை வழியாகவும் ஒளி வரும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொள்ளுங்கள்.

பாட்டு வரிசை இரவுக்கு இரவு மாறும். எந்தப் பாட்டு வரும் என்று தெரியாமல் நிற்பதே இந்தக் குழுவின் ரசிகர்களுக்கு மகிழ்ச்சி. ஆகவே நேற்று எந்தெந்தப் பாட்டு வாசித்தார்கள் என்று இணையத்தில் தேடாமல் போங்கள். ஒன்று மட்டும் பெரும்பாலும் மாறாது: கடைசிப் பாட்டு ‘ஹர்ட்’. அதன் முதல் கிதார் இழை கேட்டதும் சுற்றிலும் பேச்சு நின்றுவிடும். நீங்களும் பேசாதீர்கள். அது முடிந்து அரங்க விளக்குகள் எரிந்துவிட்டால் இன்னொரு பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், ரயிலைப் பிடியுங்கள்.